மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருவரின் குளிர்காலம்

மெக்சிகோவின் மேற்குக் கடலோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க விரும்பும் தம்பதியர், மாதத்தைப் பார்த்து ஊரைத் தெரிவுசெய்யப் பழக வேண்டும்; ஏனெனில் கடக ரேகைக்குச் சற்றே தெற்கில் 23 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கும் மசத்லான் துறைமுகத்திலிருந்து, 16 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கும் வாதுல்கோ விரிகுடாக்கள் வரை, சாலை வழியே ஏறத்தாழ 1,900 கி.மீ. நீளும் இந்தக் கரை முழுவதும் ஒரே வெயில் காய்வதுபோலச் சுற்றுலா விளம்பரங்கள் காட்டினாலும், ஜனவரியில் அதன் இரு முனைகளுக்கும் இடையே கடல்நீரின் வெப்பநிலையில் மட்டும் ஆறேழு டிகிரி செல்சியஸ் வேறுபாடு காணப்படும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வரும் கலிஃபோர்னியா நீரோட்டம் எனப்படும் குளிர்ந்த நீர்ப்பெருக்கின் தாக்கம், ஆண்டின் தொடக்க மாதங்களில் மசத்லான் வரை எட்டுவதால், அங்கே பிப்ரவரிக் கடல் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலில் 23, 24 டிகிரி வரை ஏறும் வெப்பம் இரவில் 15 டிகிரிக்கு இறங்கும். அதே வாரத்தில் வாதுல்கோவில் பகல் 30 டிகிரியைத் தாண்டும், கடலோ 27 டிகிரியில் இருக்கும். சென்னையின் மார்கழியில் கம்பளி தேடுகிற உடம்புக்கு, ஜனவரி மசத்லானில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் தேவைப்படும்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்காலம் முழுவதையும் தெற்கே கழிக்க வருவோரை ‘ஸ்னோபேர்ட்’, அதாவது பனிக்காலப் பறவை, என்று அழைப்பது வழக்கம். இவர்களுள் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற தம்பதியர். ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஆண்டுதோறும் நான்கைந்து மாதங்கள் தங்குவது இவர்கள் முறை. இதற்கு நேர் எதிரான முறை, பதினைந்து நாளில் பத்து ஊர் பார்க்கும் சுற்றுலா. இவ்விரண்டுக்கும் நடுவே இந்த அத்தியாயம் பரிந்துரைப்பது, குளிர்காலத்தை மூன்று தங்கல்களாகப் பிரித்து, நவம்பர் இறுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடக்கிலும், அதன்பின் பிப்ரவரி முடியத் தெற்கிலும், மார்ச்சில் நடுக்கரையிலும் இருப்பதாகும். கோடை வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும் வடபகுதிக் கடல் நவம்பரில் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அது குளிரும் நேரத்தில் பயணிகள் தெற்கே நகர்ந்துவிடுவார்கள். தெற்கு வெயில் சுடத் தொடங்கும் மார்ச்சில் நடுக்கரைக்கு ஏறிவந்துவிடுவார்கள்.

நவம்பர் இறுதிக்கு முன் தொடங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் புயல். கிழக்குப் பசிபிக்கின் புயல்பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் கடைசிப் பகுதியான அக்டோபரே இந்தக் கரைக்குப் பெரும் அழிவைத் தந்திருக்கிறது. 2015 அக்டோபர் 23 அன்று பட்ரீசியா புயல் ஹலிஸ்கோ மாநிலத்தின் ஆளரவம் குறைந்த கரையில் ஏறியதால் பெருநகரங்கள் தப்பின. 2023 அக்டோபர் 25 அன்று ஓட்டிஸ் புயல், ஒரே நாளுக்குள் சாதாரணப் புயல் நிலையிலிருந்து மிக உயர்ந்த ஐந்தாம் வகைக்கு வலுத்து, அகபுல்கோ நகரத்தின் மீதே இறங்கியது. டிசம்பர் பிறந்தபின் இத்தகைய அச்சம் ஏறக்குறைய நீங்கிவிடும். மே மாதம் வரை மழையும் அரிது. மழை இல்லாததற்கு ஒரு விலை உண்டு: விளம்பரப் படங்களில் பச்சைப் பசேலென்று தெரியும் மலைகள் ஆகஸ்டில் எடுக்கப்பட்டவை. இக்கரையின் இயற்கைத் தாவரம் வறண்ட பருவத்தில் இலை உதிர்க்கும் வெப்பமண்டலக் காடாகையால், பிப்ரவரியில் சரிவுகள் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்தச் சாம்பலுக்கு நடுவே இலையே இல்லாமல் பூவாக மட்டும் நிற்கும் மஞ்சள் நிற ப்ரிமவேரா மரங்களும் இளஞ்சிவப்பு அமப்பா மரங்களும் குளிர்காலப் பயணிக்கு மட்டுமே கிட்டும் காட்சி.

நுழைவும் பணமும்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு மெக்சிகோ செல்ல விசா தேவை. ஆயினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசாவோ, ஐரோப்பிய ஷெங்கன் விசாவோ, அந்நாடுகளின் நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருப்போருக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. கனடியக் கடவுச்சீட்டு உள்ள டொரொன்டோத் தமிழர்களுக்கு விசா வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணியாகத் தங்கக்கூடிய உச்சவரம்பு 180 நாட்கள் என்றாலும், அது தானாகக் கிடைக்கும் உரிமை ஆகாது. குடிவரவு அதிகாரி, பயணியின் திரும்பும் சீட்டையும் தங்குமிடச் சான்றையும் பார்த்து, தமக்குப் பொருத்தமாகத் தோன்றும் நாட்களைக் கடவுச்சீட்டில் எழுதித் தருவார். ஆகவே முழுக் குளிர்காலத்துக்கும் வருவோர், நான்கு மாதம் கழித்துத் திரும்பும் சீட்டையும், முதல் வீட்டின் முன்பதிவுத் தாளையும் அச்சிட்டுக் கையில் வைத்திருந்து, முத்திரை விழுந்தவுடன் அதில் எழுதப்பட்ட எண்ணைப் படித்துப் பார்த்த பிறகே அந்த மேசையை விட்டு நகர வேண்டும். கணவருக்கு 180 நாளும் மனைவிக்கு 30 நாளும் எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்தக் கேட்கத் தகுந்த இடம் அந்த மேசை ஒன்றே.

மூக்கடைப்புக்கு உட்கொள்ளும் மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் என்னும் வேதிப்பொருள் மெக்சிகோவில் தடைசெய்யப்பட்டது. சளி மாத்திரைகளை எடுத்துச் செல்லும் முன் அட்டையில் உள்ள கலவையைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளும் விதைகளும் விமான நிலைய வேளாண் சோதனையில் பறிபோகக்கூடியவை. மின்சாரம் 127 வோல்ட் ஆகையால், இந்தியாவிலிருந்து 230 வோல்ட் மிக்ஸியைச் சுமந்து வருவது வீண். கனடாவில் வாங்கிய குக்கர் அப்படியே வேலை செய்யும்.

பெசோ நோட்டுகளை வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுப்பதே சிக்கனம். இயந்திரம், தொகையைப் பயணியின் சொந்த நாட்டு நாணயத்தில் கணக்கிட்டுக் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்கும்போது, மறுத்துவிட வேண்டும். மறுத்தாலும் பணம் வரும், மாற்று விகிதத்தைப் பயணியின் வங்கியே தீர்மானிக்கும், பெரும்பாலும் அது குறைந்த இழப்பாகவே அமையும். நகரப் பேருந்து, வாரச் சந்தை, ஓலைக் கூரை உணவகம் ஆகியவற்றுக்குச் சில்லறை தேவை. 500 பெசோ நோட்டை நீட்டினால் காய்கறிக்காரப் பெண்மணி அதைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

முதல் தங்கல்: மசத்லான்

இக்கரையின் ஓய்விடங்களுள், சுற்றுலாவுக்கு முன்பே முழு நகரமாக வாழ்ந்து பழகியது மசத்லான். இறால் படகுகளும், 1900இல் தொடங்கப்பட்ட பசிஃபிக்கோ பீர் ஆலையும், 19ஆம் நூற்றாண்டு வணிகர் வீடுகள் சூழ்ந்த மச்சாதோ சதுக்கமும், 1883இல் இங்கு வந்த இடத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியான பாடகி ஆங்கெலா பெரால்தாவின் பெயரைத் தாங்கிய நாடக அரங்கும், பயணிகள் இல்லாத நாளிலும் தம் பாட்டில் இயங்கும் ஊர் இது என்பதைக் காட்டும். கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 20 கி.மீ. நீளும் நடைபாதை, காலையில் ஒரு மணிநேரம் நடக்கும் பழக்கமுள்ள தம்பதியருக்கு இந்தக் கரையிலேயே தலைசிறந்த வசதி. பழைய நகரத்தின் தென்முனையில் 150 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கிரெஸ்தோன் குன்றின் உச்சியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். 1960களிலிருந்து ஓடும் ‘புல்மோனியா’ என்ற, நாற்புறமும் திறந்த சிறு டாக்சியில் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்வது நம்மூர் ஆட்டோவுக்குப் பழகியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மசத்லான் அமைந்த சினலோவா மாநிலத்தில் போதைப்பொருள் குழுக்களிடையேயான மோதல் 2024 செப்டம்பரிலிருந்து கடுமையாகியிருப்பதால், பயணத்துக்கு முன் தத்தம் நாட்டு அரசின் பயண எச்சரிக்கையைப் படிப்பது சம்பிரதாயமாகக் கருதப்படக் கூடாது. இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு: ‘பயணத்தைத் தவிர்க்கவும்’ என்று அரசு அறிவித்த மாநிலத்துக்குத் தெரிந்தே சென்றவருக்குப் பல மருத்துவக் காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை, அந்த மருத்துவச் செலவு வன்முறையோடு தொடர்பில்லாத மாரடைப்புக்கானதாக இருந்தாலும்கூட. ஆகவே எச்சரிக்கை அவ்வளவு உயர்ந்திருக்கும் ஆண்டில், மசத்லானைக் கைவிட்டு, 450 கி.மீ. தெற்கே புவேர்ட்டோ வயார்ட்டாவில் முதல் தங்கலை அமைத்துக்கொள்வதே விவேகம்.

வயார்ட்டாவுக்குப் பேருந்தில் செல்வோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். சினலோவா மாநிலமும் நயரித் மாநிலத்தின் பெரும்பகுதியும் ஒரு நேர வலயத்திலும், ஹலிஸ்கோ மாநிலமும் அதை ஒட்டிய பந்தேராஸ் விரிகுடாப் பகுதியும் ஒரு மணிநேரம் முந்திய வலயத்திலும் இருப்பதால், வயார்ட்டா விமான நிலையத்துக்குச் செல்லும் பயணி தன் கடிகாரத்தை நம்பிக் கிளம்பினால் விமானம் போய்விட்டிருக்கும். மற்றது, இடைவழியில் இருக்கும் சான் பிளாஸ் என்ற சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கலிஃபோர்னியாவுக்குக் கப்பல் விட்ட துறைமுகம் அது. அதன் லா தொவாரா சதுப்புநிலக் காட்டில் படகில் செல்லும்போது முதலையையும் கொக்கினங்களையும் கையெட்டும் தொலைவில் காணலாம். ஆனால் ‘ஹெஹேன்’ எனப்படும், கண்ணுக்கு எளிதில் தெரியாத கடிபூச்சிகள் விடியலிலும் அந்தியிலும் அங்கே ஆட்சி செய்கின்றன; கொசுவலையின் கண்ணிக்குள்ளும் நுழைந்துவிடும் இவற்றை நினைத்து, பகலில் வந்து மாலை நான்கு மணிக்கு முன் ஊரைவிட்டு வெளியேறுவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

இரண்டாம் தங்கல்: வஹாகாக் கரை

நடுக்கரையிலிருந்து தெற்கே தரைவழியில் தொடர்ந்து செல்வதை இந்நூல் பரிந்துரைக்கவில்லை. தெபிக்கிலிருந்து குவாதமாலா எல்லை வரை கரையை ஒட்டி ஓடும் 200ஆம் எண் நெடுஞ்சாலை, மிச்சோவகான் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம் ஊரோ பெட்ரோல் நிலையமோ அரிதாகவே தென்படும் மலைவளைவுகளில் செல்கிறது; அங்கும் அதை அடுத்த கெரேரோ மாநிலத்திலும் பாதுகாப்பு நிலை நெடுங்காலமாகவே நன்றாக இல்லை. மெக்சிகோ நகரம் வழியாக விமானத்தில் புவேர்ட்டோ எஸ்கொந்திதோவுக்கோ வாதுல்கோவுக்கோ சென்றுவிடலாம். உள்நாட்டு மலைநகரமான வஹாகாவையும் பார்க்க விரும்புவோருக்கு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட புதிய நெடுஞ்சாலை பெரும் உதவி. முன்பு ஆறு மணிநேரத்துக்கு மேல் வயிற்றைப் புரட்டிய மலைப்பாதை இப்போது ஏறத்தாழ மூன்று மணிநேரமாகச் சுருங்கியிருக்கிறது.

இப்பகுதியில் கரை தெற்கு நோக்கித் திரும்பியிருப்பதால், சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறையும் குளிர்காலத்தில், மசுந்தே ஊரின் புந்தா கொமேத்தா முனையில் நிற்பவர் உதயம், அஸ்தமனம் இரண்டையுமே கடல்மேல் காணலாம். கன்னியாகுமரியைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. ஆமை இறைச்சிக்கும் தோலுக்குமாக ஒருகாலத்தில் வாழ்ந்த மசுந்தே, 1990இல் ஆமை பிடிப்பதை மெக்சிகோ அரசு தடைசெய்தபின் ஆமைக் காப்பகத்தைக் கொண்டு பிழைக்கத் தொடங்கியது. அருகிலுள்ள எஸ்கொபீயா கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டமாக முட்டையிட வருகின்றன. சென்னைக் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வருவதும் இதே இனம்தான்; இங்கே பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் டிசம்பர் வரை.

தங்குவதற்கு மூன்று தெரிவுகள் உள்ளன. அரசின் திட்டத்தால் 1980களில் உருவாக்கப்பட்ட வாதுல்கோ, ஒன்பது விரிகுடாக்களையும் நல்ல சாலைகளையும் குடிநீர், கழிவுநீர் ஒழுங்கையும் கொண்டது. நீச்சலில் உறுதியில்லாதவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஏற்றது, கொஞ்சம் உயிரோட்டம் குறைவு. மசுந்தே மலிவானது, இளைஞர் நிறைந்தது, செங்குத்தான மண்பாதைகள் உடையது. புவேர்ட்டோ எஸ்கொந்திதோ இரண்டுக்கும் நடுவிலானது. எனினும் அதன் புகழ்பெற்ற சிகதேலா கடற்கரை, அலைச்சறுக்கு வீரர்களுக்கானது. அங்கே கரையிலேயே உடையும் பேரலையும் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் இருப்பதால் முழங்காலுக்கு மேல் இறங்குவதே தவறு. குளிக்க விரும்புவோர் கரிசலீயோ போன்ற சிறு உள்வளைவுகளுக்குச் செல்ல வேண்டும். குளிர்காலத்தில் சில நாட்கள் மெக்சிகோ வளைகுடாவில் இறங்கும் குளிர்காற்று, தெவாந்தெபெக் பூசந்தியின் மலை இடைவெளி வழியாகப் பசிபிக் பக்கம் பாய்ந்து வரும். ‘நோர்த்தே’ எனப்படும் இக்காற்று, வாதுல்கோவுக்குக் கிழக்கே லாரியைக் கவிழ்க்கும் வேகத்தில் வீசும். அந்நாட்களில் கிழக்குப் பக்கச் சாலைப்பயணத்தையும் படகுச் சவாரியையும் தள்ளிப்போட்டுவிட வேண்டும்.

வீடு பார்த்தல்

மாத வாடகைக்கு வீடு எடுப்போர் இணையத்தில் படம் பார்த்து முழு மாதத்துக்கும் பணம் கட்டாமல், முதல் நான்கைந்து நாட்களுக்கு விடுதி எடுத்துக்கொண்டு, ‘செ ரெந்தா’, அதாவது வாடகைக்கு விடப்படும், என்ற பலகை தொங்கும் தெருக்களில் நடந்து பார்ப்பது நல்லது. டிசம்பர் 12 முதல் ஜனவரி 6 வரையிலான உள்நாட்டு விடுமுறைக் காலத்துக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது, அப்போது காலி வீடு கிடைக்காது. வீட்டை இரண்டு முறை பார்க்க வேண்டும், ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்கு, ஒருமுறை இரவு பத்து மணிக்கு. பிற்பகலில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் இரவில் அந்த அறை எப்படிப் புழுங்கும் என்பது தெரிந்துவிடும். மேற்குப் பார்த்த சன்னலுக்குத் திரை இருக்கிறதா என்பதும் அப்போதுதான் உறைக்கும். கூரையின் மேல் இருக்கும் ‘தினாக்கோ’ என்ற கறுப்புத் தண்ணீர்த்தொட்டி எத்தனை வீடுகளுக்குப் பொது, நகராட்சிக் குழாயில் எந்தெந்த நாள் தண்ணீர் வரும், தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் சுவிட்சு யார் வீட்டுக்குள் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவர்களே பெரும்பாலும் சோப்பு நுரையோடு நிற்கிறார்கள். இரவுப் பார்வை ஒலிக்காக: பக்கத்து மதுக்கடையின் பித்தளை இசைக்குழு, அடுத்த வீட்டு நாய், நெடுஞ்சாலையின் வேகத்தடையில் கியர் மாற்றும் லாரி. காலை நேரத்து எரிவாயு வண்டியின் ஒலிபெருக்கியிலிருந்து எந்தத் தெருவும் தப்பாது என்பதால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கானது அன்று. 20 லிட்டர் குடிநீர்க் குடுவைகளை வண்டியில் கொண்டுவந்து காலிக் குடுவையை வாங்கிச் செல்வார்கள், முன்பணம் ஒருமுறைதான். இந்தக் கரையின் சில பகுதிகளில் நஞ்சு மிகுந்த தேள்கள் உண்டு. காலணியைப் போடும் முன் உதறுவதும், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும் உள்ளூர் வழக்கம். கொட்டினால், வலி தணியக் காத்திராமல், நஞ்சு முறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். கோகோஸ் நிலத்தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் அமிழும் விளிம்பில் இக்கரையின் பெரும்பகுதி இருக்கிறது. 2020 ஜூன் 23 அன்று வஹாகாக் கரையில் 7.4 அளவிலும், 2022 செப்டம்பர் 19 அன்று மிச்சோவகானில் அதைவிடக் கூடுதலாகவும் பூமி அதிர்ந்தது. கடற்கரையில் இருக்கும்போது நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினால் எச்சரிக்கைச் சங்குக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்க வேண்டும் என்பதை 2004இன் ஆழிப்பேரலையைக் கண்ட கரையினருக்கு விளக்கத் தேவையில்லை.

கடலில் இறங்குவோர் காவல் கோபுரத்தின் கொடியைப் பார்க்க வேண்டும். பச்சை அனுமதி, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து, கறுப்பு முழுத் தடை. அலை தணிந்த, மணல் தரையுள்ள ஆழமற்ற நீரில் திருக்கை மீன்கள் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல், மணலோடு தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால், அதிர்வை உணர்ந்து அவை விலகிச் சென்றுவிடும்; தூக்கி வைத்த கால் அவற்றின் முதுகில் பட்டால் வால்முள் கணுக்காலில் ஏறும். குத்துப்பட்டால் காயத்தைக் கழுவி, தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் ஒரு மணிநேரத்துக்கு மேல் காலை அமிழ்த்தி வைப்பதே முதல் சிகிச்சை. அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழப்பது. காயத்தில் முள் முறிந்து தங்கியிருந்தால் அதைப் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உணவு

தமிழ் நாக்குக்கு இந்தக் கரை அந்நியமாக இராததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1564 நவம்பர் 21 அன்று ஹலிஸ்கோவின் நவிதாத் துறையிலிருந்து மிகேல் லோபெஸ் தெ லெகாஸ்பியின் கப்பல்கள் பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்டன. அடுத்த ஆண்டு திரும்பும் கடல்வழியும் கண்டறியப்பட்டபின், 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே வணிகக் கப்பல்கள் ஓடின. மாங்காயும் புளியும் ஆசியாவிலிருந்து இங்கே வந்தவை. தென்னையும் இந்தக் கரைக்குப் பசிபிக்கின் மறுபுறத்திலிருந்தே வந்தது. மிளகாய் எதிர்த் திசையில் ஆசியாவுக்குப் பயணம் செய்தது. தென்னம்பாளையைச் சீவிப் பால் இறக்கும் கலையையும் பிலிப்பைன்ஸ் மக்கள் கொண்டுவந்தனர். கொலிமா மாநிலத்திலும் வயார்ட்டாவின் கடற்கரை நடைபாதையிலும் சுரைக்குடுக்கையைத் தோளில் தொங்கவிட்டு விற்கும் ‘துபா’ என்பது, பெரும்பாலும் புளிக்கும் முன்னரே, வேர்க்கடலையும் ஆப்பிள் துண்டும் தூவித் தரப்படும் அந்தத் தென்னம்பால்தான்.

கடல் உணவு உண்போருக்கு, முதுகைப் பிளந்து விரித்து மசாலா தடவிக் கரியில் சுட்ட நயரித்தின் ‘சரந்தேயாதோ’ மீனும், எலுமிச்சைச் சாற்றிலும் பச்சை மிளகாயிலும் பச்சை இறாலை ஊறவைத்த சினலோவாவின் ‘அகவாசிலே’வும் தவறவிடக் கூடாதவை, பின்னது வேகாத உணவு என்பதால், கூட்டம் அதிகமுள்ள கடையில், நண்பகலில் மட்டுமே உண்ண வேண்டும். சைவர்களுக்குச் சற்றுத் தொல்லைதான். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், அரிசிச் சோற்றில் கோழிச் சாறும் கலப்பது பொதுவழக்கமாகையால், ‘சின் மந்தேகா’ (கொழுப்பு வேண்டாம்), ‘சின் கால்தோ தெ போயோ’ (கோழிச் சாறு வேண்டாம்) என்ற இரண்டு தொடர்களையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சமையலறை உள்ள வீடாக இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்: தேங்காய், புளி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், தக்காளி எல்லாம் வாரச் சந்தையில் குவிந்திருக்கும். துவரம்பருப்பும் உளுந்தும் கரையோர ஊர்களில் கிடைப்பது அரிது.

இருவராக இருப்பதன் ஏற்பாடுகள்

வேலை, பிள்ளைகள், உறவினர் என்று பகுத்துக்கொண்டிருந்த பகல் நேரத்தை நான்கு மாதம் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக் கழிப்பது எவ்வளவு இணக்கமான தம்பதியருக்கும் பழக்கமில்லாத ஒன்று. ஆகவே சற்று வாடகை கூடினாலும் கதவுள்ள இரண்டு அறைகள் கொண்ட வீட்டையே எடுக்க வேண்டும். கடற்காட்சி உள்ள ஒற்றை அறையைக் காட்டிலும், கடல் தெரியாத இரட்டை அறை ஆறாவது வாரத்தில் மேலானதாகத் தோன்றும். ஊர் மாறும் முடிவுகளை ஒவ்வொரு தங்கலுக்கும் ஒருவர் பொறுப்பாகப் பிரித்துக்கொள்வதும், வாரத்தில் ஒரு நாளை இருவரும் தனித்தனியே செலவிடுவதும் பல ஆண்டுகளாக வந்துபோவோர் கடைப்பிடிக்கும் முறைகள். ஒருவர் வீட்டில் நாற்காலியில் புத்தகத்தோடு இருக்க, மற்றவர் திமிங்கிலம் பார்க்கப் படகில் போவதில் குறை ஒன்றும் இல்லை.

பாதுகாப்பு ஏற்பாடுகளும் இருவர் என்ற கணக்கிலேயே அமைய வேண்டும். வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள் வெவ்வேறு பைகளில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இடம்பெற வேண்டும். துணைவர் உட்கொள்ளும் மருந்துகளின் வேதிப்பெயர்களை மற்றவரும் எழுதி வைத்திருக்க வேண்டும், ஏனெனில் வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுபவை. சிறு நோய்களுக்கு மருந்துக்கடையை ஒட்டிய அறையில் அமரும் மருத்துவரைக் குறைந்த கட்டணத்தில் பார்த்துவிடலாம். நோய்க்கொல்லி மருந்துகளுக்கு அவர் தரும் சீட்டு தேவை. தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளியைச் சேர்க்கும்போதே பெருந்தொகையை முன்பணமாகக் கேட்பது வழக்கமாகையால், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணும் ஒப்பந்த எண்ணும் நோயுற்றவரின் கைபேசியில் மட்டும் பூட்டிக் கிடக்கக் கூடாது. அவசர உதவிக்கு நாடு முழுவதும் 911. நெடுஞ்சாலையில் வாகனம் நின்றுவிட்டால், ‘பச்சைத் தேவதைகள்’ எனப்படும் சுற்றுலாத் துறையின் உதவி வண்டிகளுக்கு 078. வாடகைக் கார் எடுப்போர், வேறு நாட்டுக் காப்பீடு மெக்சிகோவில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குச் செல்லாது என்பதையும், இருட்டியபின் ஓட்டக் கூடாது என்பதையும் விதியாகக் கொள்ள வேண்டும். அறிவிப்புப் பலகையில்லாத ‘தோபே’ எனும் வேகத்தடைகளும் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் குற்றக் குழுக்களைவிட அன்றாட ஆபத்துகள்.

மூன்றாம் தங்கல்: நடுக்கரை

மார்ச்சில் வயார்ட்டாவுக்குத் திரும்புவோர், நகரத்திலேயே தங்காமல், தெற்கே 200 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில், நான்கைந்து மணிநேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள பார்ரா தெ நவிதாத், மெலாக்கே ஆகிய இரட்டைச் சிற்றூர்களில் மூன்று வாரம் தங்கி, கடைசி வாரத்தை மட்டும் வயார்ட்டாவுக்கு ஒதுக்குவது நல்லது. லெகாஸ்பியின் கப்பல்கள் கிளம்பிய மணல்திட்டில் இன்று காயலுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று தெருக்கள் இருக்கின்றன, நடந்தே முடித்துவிடலாம். 1963இல் ஜான் ஹூஸ்டன் ‘தி நைட் ஆஃப் தி இகுவானா’ படத்தை மிஸ்மலோயாக் கரையில் எடுக்க வந்ததையொட்டி உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட வயார்ட்டா, அதன்பின் பெருநகரமாகிவிட்டது. அதன் பந்தேராஸ் விரிகுடாவில் கூனல் திமிங்கிலங்களைக் காணப் படகுகளுக்கு அனுமதியுள்ள காலம் டிசம்பர் 8 முதல் மார்ச் 23 வரை. கன்று ஈன்ற தாய்கள் விரிகுடாவில் கடைசிவரை தங்குபவை ஆகையால், மார்ச் முதல் பாதியிலும் படகேறுவது வீணாகாது.

இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் புனித வாரமும் அதை அடுத்த ஈஸ்டர் வாரமும், மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை ஆண்டுக்காண்டு மாறும் நாட்களில் வருகின்றன. அந்தப் பதினைந்து நாளும் உள்நாட்டு மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வருவதால், வாடகை உயரும், பேருந்து இருக்கைகள் தீர்ந்துபோகும், மெலாக்கே போன்ற சிற்றூர்களில் மணலே தெரியாது. அந்த ஆண்டின் குருத்தோலை ஞாயிறு எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பார்த்து, அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் வயார்ட்டாவிலிருந்து புறப்படும் விமானச் சீட்டை, வரும்போது வாங்கும் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். குடிவரவு அதிகாரியிடம் காட்ட வேண்டிய திரும்பும் சீட்டாகவும் அதுவே பயன்படும்.